கோலப்புள்ளியை எண்ணுவதா, பெருக்குவதா: மடக்கும் சூத்திரமும்

மார்கழியில் மதுரைத் தெருக்களில் கோலம் போடுகிறவர்கள் நோட்டில் குறித்து வைத்திருக்கும் ஒரு வரியை, நிரல் எழுதக் கற்கும் முதலாமாண்டு மாணவர்களுக்கு நான் பயிற்சிக் கணக்காகக் கொடுப்பது வழக்கம்: ‘ஊடுபுள்ளி, 15-இலிருந்து 8 வரை.’ நடுவரிசையில் 15 புள்ளிகள்; அதற்கு மேலும் கீழும் 14, 13, 12 என்று ஒவ்வொன்றாகக் குறைந்து இரு பக்கமும் 8-இல் நிற்கும். மொத்தம் எத்தனை புள்ளிகள் என்பதே கேள்வி.

வகுப்பில் பெரும்பாலோர் மடக்கு எழுதுவார்கள் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டளை; பாடநூலில் மடக்கு, பேச்சில் எல்லோருக்கும் லூப்). மொத்தத்தை 15 என்று வைத்துக்கொண்டு, 14-இலிருந்து 8 வரை இறங்கிவந்து, ஒவ்வொரு வரிசையையும் இரண்டு முறை கூட்டினால் 169 வரும். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் மட்டும் கை தூக்கி, “லூப்பே வேண்டாம் சார், 3 × 7 × 8 + 1 போட்டாலே 169 வந்துடுது” என்பார். விடை சரி. அந்த 7 எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நடுவரிசைக்கு ஒரு பக்கத்தில் உள்ள வரிசைகளின் எண்ணிக்கை என்று அதையும் சரியாகவே சொல்வார்.

இந்த இரண்டு விடைகளுள் எது மேல் என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன், கணக்கைச் சற்றே மாற்றிப் பார்ப்பது நல்லது. கோலத்தை 8-க்குப் பதிலாக 10-இல் நிறுத்தச் சொன்னால், மடக்கு எழுதியவர் ஓர் எண்ணை மாற்றி, 135 என்ற விடையை உடனே பெறுகிறார். சூத்திரம் எழுதியவர் வரிசை எண்ணிக்கையை 5 ஆக்கி, 3 × 5 × 6 + 1 என்று போட்டு 91 என்கிறார், அது தவறு. அவருடைய சூத்திரம், ஆறு பக்கமும் சமமாக அமையும் கோலத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதை அவர் கவனிக்கவில்லை. அதே மாணவர், பத்தாம் வகுப்புக் கணக்கில் படித்த கூட்டுத் தொடர்வரிசையை நினைவுகூர்ந்து, 14-இலிருந்து 10 வரை ஐந்து வரிசைகள், சராசரி 12, ஆகவே 15 + 2 × 5 × 12 என்று எழுதியிருந்தால் 135 வந்திருக்கும். ஆக, சூத்திரங்களிலும் இரண்டு வகை உண்டு: கணக்கின் அமைப்பைப் பின்பற்றுவது ஒன்று, ஒரு குறிப்பிட்ட விடையின் அழகைப் பின்பற்றுவது மற்றொன்று. இரண்டாவது வகையில்தான் மாணவர்கள் அதிகம் மயங்குகிறார்கள். அதில் குற்றமில்லை, நானும் மயங்கியவன்தான்.

வேகத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 15 வரிசைக் கோலத்திலும், 1 முதல் 1000 வரை கூட்டும் கணக்கிலும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. பத்துக் கோடி வரை கூட்டச் சொன்னால் பைத்தான் என்ற நிரல்மொழியில் மடக்கு பல விநாடிகள் எடுத்துக்கொள்ளும், சூத்திரமோ (கடைசி எண்ணை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகுப்பது) எண் எவ்வளவு பெரிதானாலும் ஒரு பெருக்கலோடும் ஒரு வகுத்தலோடும் முடித்துவிடும். மேலும், மடக்கை எழுதுவது வீண் என்று கருதும் தொகுப்பிகளும் (நிரலைக் கணினிக்குரிய கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்கள்) உண்டு. கிளாங் என்ற சி மொழித் தொகுப்பியில் மேம்படுத்தலை இயக்கிவிட்டால், 1 முதல் வரிசையாகக் கூட்டும் எளிய மடக்கை அதுவே அடையாளம் கண்டு, நீக்கிவிட்டுப் பெருக்கலாக மாற்றிவிடும்.

தொடக்கநிலைப் பயிற்சிகளில் உண்மையில் முக்கியமானது, இரண்டு வழிகளும் எந்த இடத்தில் தவறுகின்றன என்பதுதான். சி மொழியில் 32 பிட் முழு எண் மாறி கொள்ளக்கூடிய மிகப்பெரிய மதிப்பு 2147483647. 1 முதல் 46341 வரையிலான எண்களின் கூடுதல் 1073767311; மாறியின் கொள்ளளவில் ஏறத்தாழப் பாதிதான் என்பதால், மடக்கு சிக்கலின்றி அந்த விடையைத் தருகிறது. சூத்திரமோ, முதலில் 46341-ஐ 46342-ஆல் பெருக்கிவிட்டுப் பிறகே இரண்டால் வகுக்கிறது. அந்த இடைப்பெருக்கல் 2147534622 ஆகி வரம்பைத் தாண்டிவிடுவதால், வழக்கமான கணினிகளில் திரையில் தோன்றுவது −1073716337. நேர்ம எண்களை மட்டுமே கூட்டிய மாணவர், கழித்தல் குறியைப் பார்த்துத் திகைத்து நிற்பார். 46341 தொடங்கி 65535 வரை இந்த விசித்திரமான நிலைமை நீடிக்கிறது: மடக்கு சரி, சூத்திரம் தவறு. 65536-இல் கூடுதலே வரம்பைத் தாண்டிவிடுவதால், அதற்கு மேல் இரண்டும் தவறு. அடுத்தடுத்த இரு எண்களுள் ஒன்று கட்டாயம் இரட்டைப்படை என்பதால், அதை முதலில் பாதியாக்கிவிட்டுப் பிறகு பெருக்கினால் சூத்திரமும் 65535 வரை தாக்குப்பிடிக்கும். கிளாங் இந்த இடத்தில் மாணவரைவிடக் கவனமாக நடந்துகொள்கிறது. இடைப்பெருக்கலை அகலமான இடத்தில் செய்து முடித்த பிறகே விடையைச் சுருக்குகிறது.

பைத்தானில் முழு எண்ணுக்கு இப்படிப்பட்ட வரம்பு இல்லை. ஆனால் வகுத்தலுக்கு ஒற்றைச் சாய்கோடு போட்டால் விடை தசம எண்ணாக மாறி, மிகப்பெரிய எண்களில் கடைசி இலக்கங்கள் பிசகும். இரட்டைச் சாய்கோடு போட வேண்டும். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானும் படித்துவிட்டு வருகிறவர்கள், இரு மொழிகளிலும் வகுத்தல் ஒன்றுபோலவே நடக்கும் என்று நம்புவதை அடிக்கடி பார்க்கிறேன்.

மடக்கை மட்டும் குற்றமற்றதாகக் காட்டுவதும் நியாயமாகாது. 1000-க்குக் கீழே 3 அல்லது 5-ஆல் மீதியின்றி வகுபடும் எண்களைக் கூட்டச் சொன்னால், 3-க்கு ஒரு நிபந்தனையும் 5-க்குத் தனியாக இன்னொரு நிபந்தனையும் எழுதி, 15, 30, 45 போன்றவற்றை இரண்டு முறை சேர்த்து 266333 என்று கொண்டுவருவோர் உண்டு. சூத்திரக்காரர் 3-இன் மடங்குகளுக்கு 166833, 5-இன் மடங்குகளுக்கு 99500 என்று கண்டு, இரண்டையும் கூட்டுவதற்குள், 15-இன் மடங்குகளுக்கான 33165-ஐக் கழிக்க வேண்டும் என்பது பெரும்பாலும் அவருக்கே தோன்றிவிடும். சரியான விடை 233168. இங்கே சூத்திரம் மாணவரைச் சிந்திக்க வைக்கிறது. மடக்கோ, சிந்திக்காமலே ஏதோ ஒரு விடையைக் கொடுத்துவிடுகிறது.

மதிப்பெண் இடுவதில் நானே தவறியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தேர்வில் ‘கூடுதலைக் காண்க’ என்று மட்டும் வினாவில் இருந்தது. ஒரு மாணவி ஒற்றை வரியில் சூத்திரம் எழுதியிருந்தார், நான் சுழியம் போட்டுவிட்டேன். மடக்குத்தான் வேண்டும் என்றால் அதை வினாவிலேயே எழுதியிருக்க வேண்டியது என் வேலை. இப்போது மடக்கைப் பழகுவதற்கான வினாவில் அப்படியே எழுதிவிடுகிறேன். இல்லையென்றால், தொடரின் உறுப்புகள் முன்கூட்டியே சூத்திரத்துக்குள் அடங்காதவாறு, உள்ளீடாக வரும் எண்களைக் கூட்டச் சொல்கிறேன். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் ஒரு வியாபாரி அன்றன்று விற்ற மல்லிகையின் எடைகளைக் கூட்டுவதற்கு எந்தச் சூத்திரமும் கிடையாது.

வினாவில் கட்டுப்பாடு ஏதும் இல்லாதபோது, இரண்டையும் எழுதச் சொல்லி, சிறிய எண்களுக்கு ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்க்கச் சொல்வதே என் வழி. இதற்கு எனக்குப் பிடித்த கணக்கு, கிருஷ்ண ஜெயந்தியின்போது சுற்றுவட்டாரக் கிராமங்களில் நடக்கும் வழுக்குமரப் போட்டி. 29 அடி மரம். ஒருவர் ஒரு முயற்சியில் 5 அடி ஏறுகிறார், 2 அடி வழுக்குகிறார்; உச்சியைத் தொட எத்தனை முயற்சிகள் என்பது கேள்வி. முயற்சிக்கு 3 அடி மிஞ்சுகிறது என்று 29-ஐ 3-ஆல் வகுத்து 10 என்பார்கள். எட்டாவது முயற்சி முடியும்போது அவர் 24 அடியில் இருக்கிறார். ஒன்பதாவதில் 5 அடி ஏறியதும் உச்சியைத் தொட்டுவிடுவதால், அதன் பிறகு வழுக்குவது என்ற பேச்சே இல்லை. மடக்கு 9 என்று சரியாகச் சொல்கிறது. சரியான சூத்திரமும் உண்டு: உயரத்திலிருந்து வழுக்கும் அடிகளையும் ஒன்றையும் கழித்து, 3-ஆல் வகுத்து, ஈவோடு ஒன்றைக் கூட்ட வேண்டும், 26-ஐ 3-ஆல் வகுத்தால் ஈவு 8, ஆக 9.

சென்ற முறை இதைப் பைத்தானில் 1 அடியிலிருந்து 100 அடி வரை ஓட்டி, மடக்கின் விடையோடு ஒப்பிடச் சொன்னேன். தொண்ணூற்றெட்டு உயரங்களில் இரண்டும் ஒத்துப்போயின. 1 அடிக்கும் 2 அடிக்கும் மட்டும் சூத்திரம் 0 என்றது. பைத்தானின் முழு எண் வகுத்தல் எதிர்ம எண்ணைக் கீழ்நோக்கி இறக்கி −1 ஆக்கிவிடுவதே காரணம். அதே சூத்திரத்தைச் சி மொழியில் ஓட்டியவருக்கு, அங்கே வகுத்தல் சுழியத்தை நோக்கி நகர்வதால், தற்செயலாக 1 என்ற சரியான விடையே கிடைத்தது. “மரத்தைத் தொடாமலே பரிசு வாங்கலாம் போல, சார்” என்றார் பைத்தான் பக்கம் உட்கார்ந்திருந்தவர்.