யூரெயில் பாஸ்: டர்பனிலிருந்து போகிறவர்களுக்குக் கட்டுப்படியாகுமா?

யூரெயில் என்ற ஒரே ரயில் பாஸில் ஐரோப்பா முழுக்கச் சுற்றலாம் என்ற விளம்பரம் பாதிதான் உண்மை. 33 நாடுகளில் செல்லும், சரி. அதில் எந்த நாடுகள் என்பதைப் பொறுத்துத்தான் லாபமும் நஷ்டமும்.

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து என்றால் தயங்காமல் வாங்கலாம். அங்கே பெரும்பாலான பகல் ரயில்களில் சீட் புக்கிங் கட்டாயமில்லை. ஜெர்மன் வண்டிகள் தாமதமாவது சகஜம். இணைப்பு ரயில் தவறினால் அடுத்ததில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து ஆம்ஸ்டர்டாமில் போய் இறங்கி, கொலோன், முனிச், சால்ஸ்பர்க், இன்ஸ்ப்ரூக் வழியாக சூரிச் வந்து விமானம் ஏறினால் ஐந்து பயண நாள். ஒரு மாதத்துக்குள் ஏதேனும் 5 நாள் பயணிக்கும் பாஸ் அப்படியே பொருந்தும்.

பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயினில் கதையே வேறு. அங்கே ஓடும் அதிவேக ரயில்களான டிஜிவி, ஃப்ரெச்சாரோசா, ஆவே எதில் ஏறினாலும் பாஸுக்கு மேல் முன்பதிவுக் கட்டணம் உண்டு. ஆளுக்கு 10 யூரோ என்றே வைத்தாலும், நான்கு பேர் குடும்பம் நான்கு ரயில் ஏறினால் 160 யூரோ. பாரிஸையும் லண்டனையும் இணைக்கும் யூரோஸ்டார் ரயிலில் ஆளுக்கு 30 யூரோ அளவில் போகும். டிஜிவியிலும் யூரோஸ்டாரிலும் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இடமும் குறைவு. நம் ஜூன்–ஜூலை பள்ளி விடுமுறை அங்கே உச்ச சீசன். முழு விலைக்கு இடம் இருக்கும், பாஸுக்கு இருக்காது. இத்தாலியில் ஓடும் இட்டாலோ ரயிலும் பிரான்ஸ், ஸ்பெயினில் ஓடும் உய்கோ ரயிலும் பாஸை ஏற்பதே இல்லை. இந்த மூன்று நாடுகள் மட்டும்தான் திட்டம் என்றால், முன்கூட்டியே தனித்தனி டிக்கெட் எடுப்பதே மலிவு.

வாங்கும்போது: பாஸ்போர்ட் பச்சையாக (தென்னாப்பிரிக்காவுடையதாக) இருந்தாலும், எந்தப் பாஸ் என்பதற்குக் குடியிருக்கும் நாடுதான் கணக்கு. லண்டனில் குடியேறிய மகள் கூட வந்தால் அவருக்கு, ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கான இன்டர்ரெயில் பாஸ். 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குப் பாஸ் இலவசம், ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள் வரை. ஆனால் ஆர்டரிலேயே அவர்களையும் சேர்க்க வேண்டும். 60 வயதானவர்களுக்குத் தள்ளுபடி உண்டு.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா கைக்கு வரும்வரை பாஸை ஆக்டிவேட் செய்யாதீர்கள். ஆக்டிவேட் செய்யாத சாதாரணப் பாஸுக்கு 15% கழித்துப் பணம் திரும்பும். தள்ளுபடி விற்பனையில் வாங்கியதற்கு விதி வேறு, படித்துப் பாருங்கள். பாரிஸிலிருந்து லண்டன் போய்த் திரும்புவதானால் பிரிட்டன் விசா தனி, ஷெங்கன் விசாவும் இருமுறையோ பலமுறையோ நுழையும் வகையாக இருக்க வேண்டும்.

யூரெயிலின் ஆப் நன்றாகவே இருக்கிறது, ஆனால் பாஸ் போனில் இருந்தால் மட்டும் போதாது. ஏறும் முன் அந்த ரயிலைப் பயணப் பட்டியலில் சேர்த்து, எதிரே உள்ள பொத்தானைத் தள்ளி, அன்றைய பயண நாளை உறுதி செய்தால்தான் கியூஆர் கோடு வரும். பரிசோதகர் ஸ்கேன் செய்வது அதைத்தான். குடும்பத்தின் பாஸ்கள் எல்லாவற்றையும் ஒரே போனில் ஏற்றலாம். அந்தப் போன் சார்ஜ் தீர்ந்தால் எல்லோருக்கும் டிக்கெட் இல்லை. பவர் பேங்க் அவசியம்.

பயண நாள் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. இரவு ரயிலில் 12 மணிக்கு முன் ஏறி, நடுவில் மாறாமல் போனால் ஏறிய நாள் மட்டுமே கழியும். படுக்கைக்குத் தனிக் கட்டணம்.

செப்டம்பர் கடைசியில் போனால் கூட்டம் குறைவு. புரட்டாசி விரதம் இருப்பவர்கள் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டே ஏறலாம், பெட்டியில் உட்கார்ந்து சாப்பிட யாரும் தடை சொல்வதில்லை.