பழைய ஜீப்பின் முன் ஆக்ஸில்: மூடிய நக்கிளைப் புதுப்பிப்பதா, திறந்த நக்கிளுக்கு மாறுவதா?

வில்லிஸ் எம்பி, சிஜே-2ஏ, சிஜே-3பி, தொடக்ககால சிஜே-5 போன்ற நாற்சக்கர உந்து வண்டி ஒன்றை மீட்டெடுப்பவர் எவரும், எஞ்சினை முடித்துவிட்டு முன்பக்கம் வரும்போது ஒரு முடிவை எடுத்தாக வேண்டியிருக்கிறது. 1941 முதல் 1971 வரை இவ்வண்டிகளில் வந்த ஸ்பைசர் 25, டானா 27 வகை ஆக்ஸில்களில், சக்கரம் திரும்பிய நிலையிலும் அதைச் சுழற்றும் ஜாயிண்ட் ஒரு இரும்புக் கோளத்துக்குள் கிரீஸில் மூழ்கியபடி மூடியிருக்கும். அந்தக் கோளத்தின் மீது அமர்ந்து சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் பகுதிதான் நக்கிள். 1972-இல் வந்த டானா 30 ஆக்ஸிலில் அந்தக் கோளமே கிடையாது. ஜாயிண்ட் வெளியே தெரியும், நக்கிள் திரும்புவதற்கான அச்சு முளையான கிங்பின்னுக்குப் பதில் பால் ஜாயிண்ட் இருக்கும். பழையதையே பிரித்துப் புதுப்பிப்பது ஒரு வழி. அதைக் கழற்றிவிட்டுப் பிந்தைய ஆக்ஸிலைப் பொருத்துவது இன்னொரு வழி. என் சிஜே-3பி-க்கு நான் முதல் வழியைத் தேர்ந்தேன். அந்தச் சார்பு இந்த அலசல் முழுவதிலும் இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திறந்த நக்கிளின் நன்மைகள் வெளிப்படையானவை. சக்கரம் கூடுதல் கோணத்துக்குத் திரும்பும், அதனால் குறுகிய இடத்தில் வண்டியைத் திருப்புவது எளிது. 1977 முதல் அந்த ஆக்ஸிலுக்கு டிஸ்க் பிரேக்கும் கிடைக்கத் தொடங்கியது. கிரீஸ் ஒழுகுவதற்குக் கோளமும் இல்லை, சீலும் இல்லை. உதிரிபாகங்களும் தாராளமாகக் கிடைக்கின்றன. இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் ஆக்ஸிலை மாற்றுவது ஆக்ஸிலோடு நிற்பதில்லை. பழைய ஜீப்பில் சேஸியின் குறுக்குச் சட்டத்தில் இருக்கும் பெல்கிராங்க் என்ற நெம்புகோலிலிருந்து, சக்கரங்களைத் திருப்பும் இரண்டு தண்டுகள் (டை ராடுகள்) இரு பக்கமும் பிரிந்து செல்லும். 1972-க்குப் பிந்தைய ஏற்பாடு முற்றிலும் வேறு என்பதால் ஸ்டியரிங் பெட்டி வரை கைவைக்க நேரிடும். பிந்தைய ஆக்ஸில்களில் கியர் விகிதம் பெரும்பாலும் 3.54, 3.73, 4.10 என்று இருக்க, பழைய சிஜே வண்டிகளின் பின் ஆக்ஸிலோ 5.38-இல் ஓடுகிறது. முன்னும் பின்னும் ஒரே விகிதத்தில் இல்லாவிட்டால், நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது, எஞ்சினின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸ் திணறும். எனவே இரண்டில் ஒன்றின் கிரவுன் பினியனை (விகிதத்தைத் தீர்மானிக்கும் பற்சக்கர ஜோடியை) மாற்றியே தீர வேண்டும். ஸ்பிரிங் பட்டை உட்காரும் இருக்கைகளை வெட்டி, புதிய இடத்தில் வெல்ட் செய்ய வேண்டியிருக்கலாம். அந்த வெல்டிங் எந்தச் சாய்வில் அமைகிறதோ அதுவே காஸ்டர் கோணத்தை, அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வைத் தீர்மானிக்கிறது. பழைய ஜீப்புக்கு அது 3 டிகிரி. அங்கே பிசகினால் வண்டி நேராக ஓடாது. டிஸ்க் பிரேக் போட்டால், தரைப்பலகைக்குக் கீழே இருக்கும் பழைய மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றி, எண்ணெய் பின்னோக்கி வடியாமல் இருக்க 2 பிஎஸ்ஐ வால்வு ஒன்றையும் இடையில் சேர்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: 1987-க்குப் பிந்தைய ராங்ளரின் டானா 30 மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடக் கூடாது. அதன் டிஃபரென்ஷியல் இடப்பக்கம் இருக்கிறது; பழைய ஜீப்பின் டிரான்ஸ்பர் கேஸ் வலப்பக்கத்துக்கு உரியது.

இவ்வளவையும் செய்து முடிக்கும் திறமையும் பட்டறையும் இருப்பவர்களுக்கு இவை தடையே அல்ல. ஆகவே என் முடிவை இவற்றின் மீது நான் நிறுத்தவில்லை. மூடிய நக்கிளைப் புதுப்பித்தால் அந்த வேலை எத்தனை காலம் நிற்கும் என்பதே என் கேள்வியாக இருந்தது. அதற்கான விடை பேரிங்கிலும் இல்லை, சீலிலும் இல்லை. அந்தக் கோளத்தின் மேற்பரப்பில் இருக்கிறது.

காரணம் இதுதான். நக்கிளின் உள்விளிம்பில் இரண்டு பாதிகளாகப் பொருத்தப்படும் சீல், கோளத்தின் மீது உரசியபடியே நகர்கிறது. சக்கரம் திரும்பும்போது கோளத்தின் ஒரு பகுதி நக்கிளுக்குள் போகிறது. எதிர்ப்புறத்தில் அதே அளவு வெளியே வருகிறது. வெளியே இருக்கும் பகுதியில் ஈரமும் சேறும் படிந்து துரு பிடித்து, காலப்போக்கில் அது பொடிக்குழிகளாக மாறும். அந்தக் குழிகள் சீலுக்கு அடியில் போய் வரும் ஒவ்வொரு முறையும் சீல் விளிம்பை அரம்போல் அறுக்கின்றன. அறுபட்ட சீல் வழியே கிரீஸ் வெளியே வருவது கண்ணுக்குத் தெரிகிற தொல்லை. தண்ணீரும் மணலும் உள்ளே போவதுதான் தெரியாமல் நடக்கிற சேதம். குழி விழுந்த கோளத்தின் மீது எவ்வளவு நல்ல சீலைப் போட்டாலும் அது நிலைக்காது. மூடிய நக்கிள் என்றாலே ஒழுகும் என்ற பேச்சு பரவியிருப்பதற்கு, கோளத்தைக் கவனிக்காமல் சீலை மட்டும் மாற்றி மூடிவிடும் வழக்கமே பெரும்பாலும் காரணம் என்பது என் கருத்து.

எனவே எதையும் வாங்குவதற்கு முன் கோளத்தை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, துணியால் துடைத்து, கட்டைவிரல் நகத்தை அதன் வளைவின் மீது மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். கறை மட்டும் இருந்தால் நகம் வழுக்கிச் செல்லும். குழி இருந்தால் தட்டும். சக்கரம் ஒரு பக்கம் திரும்பிய நிலையில் ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியில், குழிகள் கோளத்தின் ஒரே ஓரத்தில் குவிந்திருப்பதைக் காணலாம். ஆழமில்லாத குழிகளை ஈர எமரித் தாளால் தேய்த்தே சமாளிக்கலாம். சற்று ஆழமானவற்றை இரண்டு கலவை உலோக எபாக்ஸியால் நிரப்பி, காய்ந்த பிறகு வளைவு மாறாமல் தேய்த்து எடுக்கலாம். என் வண்டியின் இடப்பக்கக் கோளத்துக்கு இதைத்தான் செய்தேன். வெல்டிங்கால் நிரப்பச் சொல்பவர்களும் உண்டு. அதை நான் தவிர்ப்பேன். ஏனெனில் கிங்பின் பேரிங்குகளின் வெளிவளையங்கள் அதே கோளத்தின் மேலும் கீழும் உள்ள துளைகளில்தான் உட்காருகின்றன, வெல்டிங்கின் சூடு அந்தத் துளைகளின் வடிவத்தைக் கெடுக்கக்கூடும். பழைய லேண்ட் ரோவர்களில் இந்தக் கோளம் போல்ட்டில் கழன்று வரும், புதியதை மாட்டிவிடலாம். ஜீப்பில் அது ஆக்ஸில் குழாயோடு ஒன்றியிருப்பதால் அந்த வசதி இல்லை. கோளம் முழுக்க ஆழமாக அரித்துப்போயிருந்தால், என் சார்பையும் மீறிச் சொல்கிறேன், வேறு ஹவுசிங் தேடுங்கள் அல்லது திறந்த நக்கிளுக்கு மாறுங்கள்.

கோளம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு மீதமுள்ளவை பொறுமையான வேலைகளே. குழாயின் முனையில் ஜாயிண்டுக்கு உட்புறம் இருக்கும் ஆயில் சீலைக் கட்டாயம் மாற்ற வேண்டும். அது விட்டால் டிஃபரென்ஷியல் எண்ணெய் கோளத்துக்குள் இறங்கிக் கிரீஸை நீர்த்துப்போகச் செய்து, கடைசியில் பிரேக் டிரம்மை நனைத்துவிடும். சக்கரம் சுழலும் குழலான ஸ்பிண்டிலில் உள்ள வெண்கலப் புஷ்ஷையும் விட்டுவிடக் கூடாது. உள்ளே பெண்டிக்ஸ் வகைக் குண்டு ஜாயிண்ட் இருந்து தேய்ந்திருந்தால், கிராஸ் (சிலுவை வடிவ இணைப்பு) வைத்த ஸ்பைசர் வகை ஷாஃப்டுக்கு மாறுவது நல்லது. முழுக்கத் திருப்பிய நிலையில் நான்கு சக்கர இழுவையில் போகும்போது அது ஸ்டியரிங்கில் லேசான துடிப்பைத் தரும் என்றாலும், தேய்ந்தால் கிராஸை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கிங்பின் இறுக்கம் மட்டும் அவசரத்தில் செய்யக்கூடியதல்ல. சீலும் ஷாஃப்டும் டை ராடும் இல்லாமல் நக்கிளை மட்டும் பொருத்தி, மேல் மூடிக்கும் கீழ் மூடிக்கும் அடியில் சம கனத்தில் ஷிம் (மெல்லிய உலோகத் தகடு) வைத்து, டை ராட் துளையில் ஸ்பிரிங் தராசை மாட்டிச் சீராக இழுத்து, நக்கிள் நகர்ந்துகொண்டிருக்கும்போது தராசு காட்டும் அளவை மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். ஷிம்மை எடுத்தால் இறுகும், சேர்த்தால் தளரும். இறுக்கம் குறைந்தால் ஓட்டத்தில் ஸ்டியரிங் உதறும்; மிஞ்சினால் வளைவு முடிந்த பிறகும் சக்கரம் தானாக நேருக்கு வராது. இதில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு: பின்னாளில் தேய்மானம் வந்தால் ஒரு மெல்லிய ஷிம்மை எடுத்துவிட்டு அதே பேரிங்கை மறுபடி சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவரலாம். தேய்ந்த பால் ஜாயிண்டைக் கழற்றி எறிய வேண்டியதுதான்.

பராமரிப்பு என்று பார்த்தால், மூடிய நக்கிள் அதிகக் கவனம் கேட்கிறது என்பது உண்மை. உள்ளே கெட்டிக் கிரீஸைத் திணிப்பதைவிட, ஜாயிண்டின் இண்டு இடுக்குகளுக்குள் தானே வழிந்து சேரும் 00 தர இளகிய கிரீஸ் நன்றாக இருக்கிறது. வண்டியை நாள்கணக்கில் நிறுத்தும்போது சக்கரத்தை நேராக வைத்து, வெளியே தெரியும் கோளப்பரப்பில் விரலால் ஒரு பூச்சு கிரீஸ் தடவிவிடுகிறேன். சேற்றில் ஓட்டி வந்தால் அன்றே துடைத்துவிடுகிறேன். இதற்கு நேரம் ஒதுக்க விரும்பாதவருக்குத் திறந்த நக்கிள்தான் பொருந்தும்.

பிரேக் மட்டுமே உங்கள் குறை என்றால் இடைவழி ஒன்று இருக்கிறது. பழைய 9 அங்குல டிரம்களுக்குப் பதிலாக, பிந்தைய ஜீப்களின் 11 அங்குல டிரம்களை மூடிய நக்கிளிலேயே பொருத்துவது பரவலாகச் செய்யப்படும் வேலை. நிறுத்தும் வலு தெளிவாகக் கூடுகிறது, ஆக்ஸிலோ ஸ்டியரிங்கோ மாறுவதில்லை. நீரில் இறங்கி ஏறினால் டிரம் நனைந்து பிடிப்புக் குறைவது மட்டும் தொடரும்.

என் வண்டி அதன் காலத்து அளவுள்ள மெல்லிய டயர்களில், மிதமான வேகத்தில் ஓடுகிறது. 33 அங்குல டயரும் வலுவான எஞ்சினும் போட்டுப் பாறைகளில் ஏற்றுபவரின் தேவை வேறு. அத்தகைய ஓட்டத்தில் எனக்கு அனுபவம் குறைவு என்பதால், அவரிடம் மூடிய நக்கிளையே வைத்துக்கொள்ளுங்கள் என்று அழுத்திச் சொல்ல மாட்டேன். அசல் அளவு டயரில், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஓட்ட நினைப்பவர் முதலில் சக்கரத்தைத் தூக்கி, ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கட்டும். பிரேக் பிடித்த நிலையிலும் ஆட்டம் நீடித்தால் அது கிங்பின்னில். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் சக்கர பேரிங்கில். அதன் பிறகு கோளத்தின் மீது நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு எந்த ஆக்ஸில் என்று முடிவு செய்யலாம்.