ஆன்லைன் சிபிடி தெரபி: மாத்திரையோடு சேர்த்துப் பார்த்த அனுபவம்

பதற்றக் கோளாறுக்கு ஏற்கெனவே எஸ்சிடலோபிராம் என்ற மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த ஆன்லைன் சிபிடி சேவையில் சேர்ந்தேன். சிபிடி என்றால், நம் எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை. ஆறுதலாக நாலு வார்த்தை பேசுவார்கள் என்று பார்த்தால், ஒரு அட்டவணையைக் கொடுத்து, லிஃப்டில் ஏறும் முன் பயம் பத்துக்கு எவ்வளவு, இறங்கிய பின் எவ்வளவு என்று தினமும் எழுதச் சொல்லிவிட்டார்கள். கடுப்பான வேலைதான், ஆனால் அந்த எண் குறைந்துகொண்டே வருவதைக் கண்ணால் பார்ப்பது தனி தெம்பு. மாத்திரை வேலை செய்யவே சில வாரம் ஆகும். அது படபடப்பைக் கொஞ்சம் அடக்கியதால்தான் லிஃப்ட் பக்கமே போக முடிந்தது. மாத்திரையை நிறுத்தலாமா என்று தெரபிஸ்டிடம் கேட்டேன், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், திடீரென்று மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றார். அந்த நேர்மைக்கே ஒரு ஸ்டார். அப்புறம், கடைசி நிமிடத்தில் சந்திப்பு நேரத்தை மாற்றுகிறார்கள், பதற்றம் உள்ளவர்களிடம் போய் இதைச் செய்யலாமா? ஐந்துக்கு நாலு.