வாடகை வீட்டுக் குசினிக்கு ரோல் கார்பெற் வாங்கலாமா?

முடிவை முதலே சொல்லிவிடலாம். கடைகளில் மீற்றர் கணக்கில் வெட்டித் தருகிற பிவிசி ரோல் கார்பெற், அதாவது தரையில் விரிக்கிற பிளாஸ்ரிக் விரிப்பு, வன்னியின் வாடகை வீட்டுக் குசினிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பொருந்துகிற வீட்டில் அதைவிட மலிவான, கழற்றிக்கொண்டு போகக்கூடிய வழி வேறில்லை. பொருந்தாத வீட்டில் ஒரு மாரிக்குள்ளேயே அடியில் பூஞ்சணம் பிடித்து நாறும். எந்த வீடு எது என்பதைக் கார்பெற் தீர்மானிப்பதில்லை, தரைக்குக் கீழே இருக்கிற ஈரம்தான் தீர்மானிக்கிறது.

போர் முடிந்த 2009இற்குப் பிறகு எழும்பிய 550 சதுர அடி வீட்டுத்திட்ட வீடுகளானாலும், வவுனியா நகருக்குள் இருக்கிற பழைய சிவப்புச் சீமெந்துத் தரை வீடுகளானாலும், பின்னால் பத்தி இறக்கிக் குசினியாக்கிய இடங்களில் தரை ஒரே மாதிரித்தான் கெடுகிறது. மேல்பூச்சு மெல்லியதாக இருக்கும். கீழே மண்ணை இடித்து இறுக்காமல் போட்டிருப்பார்கள், பொலித்தீன் விரித்திருக்க மாட்டார்கள். அதனால் கூட்டக் கூட்டச் சீமெந்துப் புழுதி கிளம்பும், அங்கங்கே பூச்சுப் பெயரும், மீன் கழுவிய தண்ணியும் எண்ணெயும் ஊறி நிற்கும். வீட்டுக்காரர் ரைல்ஸ் பதித்துத் தருவார் என்று காத்திருப்பவர்கள் காத்துக்கொண்டே இருக்கலாம்.

வாங்கப் போகுமுன் ஈரத்தைப் பார்க்க வேண்டும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிந்த பொலித்தீன் துண்டு ஒன்றை வெறும் தரையில் வைத்து, நாலு ஓரத்தையும் அகலமான ரேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி ஒரு முழு நாள் விடுங்கள். சிங்குக்குக் கிட்ட ஒன்று, நடுவில் ஒன்று, பின்கதவடியில் ஒன்று என்று மூன்று இடத்தில் செய்தால் நல்லது. எடுத்துப் பார்க்கும்போது பொலித்தீனின் உட்புறம் வியர்த்திருந்தால், அல்லது அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தால், கீழிருந்து ஈரம் ஏறுகிறது. சோழகம் வீசுகிற ஆனி, ஆடியில் இந்தச் சோதனையில் தேறுகிற தரை கார்த்திகை மழையில் தேறாமல் போகலாம். ஆகவே வெயில் காலத்தில் பார்க்கிறவர்கள் சுவரின் அடி ஓரடியையும் பார்க்க வேண்டும். அங்கே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், பெயின்ற் கொப்பளித்திருந்தால், போன மாரியின் கணக்கு அதிலே எழுதப்பட்டிருக்கிறது. அப்படியான வீட்டில் முழுத் தரைக்கும் கார்பெற் விரிக்கவே வேண்டாம். நிற்கிற இடத்துக்கு மட்டும், தினமும் தூக்கி உலர்த்தக்கூடிய துண்டு போதும்.

இனிக் கடை. கிளிநொச்சியில் ஏ9 வீதியோரத்திலும், வவுனியா பசார் வீதிப் பக்கத்திலும் ரோலாக நிறுத்தி வைத்திருப்பார்கள். விலை கேட்கும்போது அடிக்கா, மீற்றருக்கா, சதுர அடிக்கா என்று முதலில் தெளிவாக்குங்கள். ஒரு மீற்றர் 3.28 அடி, இந்தக் குழப்பத்தில்தான் மலிவு என்று நினைத்தது மலிவில்லாமல் போகிறது. பூவையும் நிறத்தையும் பார்க்குமுன் வெட்டு ஓரத்தைப் பாருங்கள். அரை மில்லிமீற்றருக்கு உட்பட்ட மெல்லிய வகை மேசை விரிப்புக்கு ஆகும், குசினிக்கு ஆகாது. தரையில் கிடக்கிற ஒவ்வொரு மணல் மணியும் மேலே முகப்பருப் போலத் தெரியும். குறைந்தது 1 மில்லிமீற்றர், கிடைத்தால் 1.5 கேளுங்கள். மூலையைப் பின்பக்கமாக முழுவதும் மடித்துவிட்டு விடுங்கள்: மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தால் சுண்ணத்தூள் அதிகம் கலந்த சரக்கு, கதவடியில் சீக்கிரம் வெடிக்கும்.

அடிப்புறம் இன்னும் முக்கியம். தாள், சணல், மட்டை மாதிரி அடிப்புறம் உள்ளதை வன்னி மண்ணில் வாங்கவே கூடாது. கறையானுக்கு அதுதான் சாப்பாடு. தரைக்கும் சுவருக்கும் இடையிலான வெடிப்பால் ஏறி, வெளிச்சம் படாத அந்த இடுக்கில் மண் கட்டிக்கொண்டு வரும். மேலே ஒன்றும் தெரியாது. பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கிற அடிப்புறம் காலுக்குச் சுகம்தான், ஆனால் தண்ணி குடித்தால் லேசில் காயாது. முழுவதும் பிவிசியாக இருப்பதே சரி. மேற்பரப்பு பளபளப்பாக இல்லாமல் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்க வேண்டும். தேங்காய்ப்பால் சிந்தின பளபளப்புக் கார்பெற்றில் நடந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அளவு எடுப்பதில்தான் காசு வீணாகிறது. ரோலின் அகலம் பெரும்பாலும் 2 மீற்றர், அதாவது ஆறரை அடி. குசினி பத்தடிக்கு எட்டடி என்று வைத்துக்கொள்வோம். பத்தடி நீளப் பக்கமாக விரித்தால் பத்தரை அடியில் இரண்டு துண்டு, மொத்தம் 21 அடி வாங்க வேண்டும். குறுக்காக, எட்டரை அடியில் இரண்டு துண்டாக விரித்தால் 17 அடி போதும். அதே தரை, நாலடி மிச்சம். பத்தடிச் சுவரோடு சமைக்கிற சீமெந்துத் தட்டு இருக்கிற குசினியானால் இன்னும் குறையும். தட்டு இரண்டடி அகலம் என்றால் மிதிபடுகிற தரை ஆறடிதான். ஒரே துண்டில், பத்தரை அடியில் வேலை முடிந்துவிடும், இணைப்பும் வராது. தட்டுக்குக் கீழே விரிக்காமல் விடுவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: 12.5 கிலோ காஸ் சிலிண்டரின் அடிவளையம் கார்பெற்றை வெட்டாது, துருவட்டமும் விழாது. தட்டு இல்லாத வீட்டில் சிலிண்டருக்குக் கீழே ஒரு தட்டைக் கல்லோ ரைல்ஸ் துண்டோ வையுங்கள். திருவலைக் காலுக்கும் அதே முறை.

தரையைத் தயார் செய்யாமல் விரித்தால் காசு போனதுதான். ஆடுகிற பூச்சை உளியால் தட்டி எடுத்து, கம்பிப் பிறஸ்ஸால் உரசி, புழுதியைக் கூட்டி, ஈரத்துணியால் துடையுங்கள். உப்புப் பூத்திருந்தால் அதை மட்டும் காய்ந்தபடியே உரசிக் கூட்டி அள்ள வேண்டும். தண்ணி ஊற்றிக் கழுவினால் உப்புக் கரைந்து மறுபடி உள்ளே இறங்கிவிடும். அரை அங்குலத்துக்கு மேல் ஆழமான குழிக்கு ஒரு பங்கு சீமெந்து, மூன்று பங்கு அரித்த மணல். குழியை நனைத்து, சீமெந்துப் பாலைப் பூசி, அது காயுமுன் கலவையை அமுக்கிச் சாந்தகப்பையால் மட்டம் பிடியுங்கள். ஓரத்தைத் தோசை மாதிரி மெல்லிசாக இழுக்காதீர்கள், அந்த ஓரம்தான் முதலில் உதிரும். குழியின் ஓரத்தைச் செங்குத்தாக வெட்டிவிட்டு நிரப்புவதே முறை. ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு நனையுங்கள். பிறகு காயவிட வேண்டும், மில்லிமீற்றருக்கு ஒரு நாள் என்று கணக்கு வைத்தால் அரை அங்குலத்துக்கு இரண்டு கிழமை. இந்த இரண்டு கிழமையைப் பொறுக்காமல் விரிக்கிறவர்கள்தான் “கார்பெற் சரியில்லை” என்று கடைக்காரருடன் சண்டை பிடிக்கிறார்கள்.

பழைய பேப்பரோ சீமெந்து பையோ அடியில் விரிக்கிற வழக்கம் பல வீட்டில் இருக்கிறது. வேண்டாம். ஈரத்தைப் பிடித்து வைக்கும், கறையானையும் அழைக்கும். பொலித்தீன் விரித்தால் கார்பெற் வழுக்கி நகரும். ஈரமும் அதற்குக் கீழே நிற்குமே தவிர எங்கேயும் போகாது.

கார்பெற்றைக் கொண்டுவந்ததும் விரித்துவிடக் கூடாது. வீட்டுக்குள் ஒரு நாள் அகலப் பரப்பி வைத்தால் சுருள் தானாக இறங்கும். அவசரமென்றால் காலை வெயிலில் கொஞ்ச நேரம் போடலாம். உச்சி வெயிலில் போட்டால் இழுபட்டு அளவு மாறும். நாலு பக்கமும் இரண்டு அங்குலம் கூட வைத்து வெட்டி, அறையில் போட்டு, சுவர் மூலைக்குள் மட்டப்பலகையால் அமுக்கிப் புதிய பிளேட்டால் ஒரே இழுவையில் வெட்டுங்கள். சுவரோடு முட்ட வெட்டாதீர்கள், 3 முதல் 5 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். தகரக் கூரைக் குசினியில் மத்தியானச் சூட்டுக்குப் பிவிசி நீளும். நீள இடமில்லாவிட்டால் நடுவில் எழும்பி நிற்கும். பலர் இதைக் காற்று அடைத்தது என்று நினைத்து ஊசியால் குத்துகிறார்கள். குத்தினால் ஓட்டைதான் மிச்சம், ஓரத்தை மெல்ல வெட்டிவிட்டால் படுத்துவிடும்.

இணைப்பு வருமானால் இரண்டு துண்டையும் ஒரு அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, கோலத்தைப் பொருத்தி, இரும்பு அடிமட்டத்தை வைத்து இரண்டையும் சேர்த்து வெட்டுங்கள். அப்போதுதான் விளிம்பு இடைவெளியில்லாமல் சேரும். அடியில் இரட்டைப் பக்க ரேப் ஒரு வரி. இந்த இணைப்பு, சிங்கடியிலும் பின்கதவு வழியிலும் விழாமல் திட்டமிட வேண்டும். வேறெங்கும் பசை வேண்டாம், கதவடியில் மட்டும் ஒரு வரி ரேப். கடைகளில் பசைப் பேணியையும் சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். வாடகை வீட்டில் பசை பூசுவது முற்பணத்தைத் தரையில் ஒட்டுவதற்குச் சமம்.

பாவனையில் வருகிற கோளாறுகளில் சூடு முதலாவது. அடுப்பிலிருந்து இறக்கின தாச்சி ஒரு நொடியில் வட்டம் போட்டுவிடும், அது போகாது. விறகடுப்பும் வைத்திருக்கிற வீட்டில் அடுப்பிலிருந்து மூன்றடி தள்ளித்தான் கார்பெற் தொடங்க வேண்டும். தணல் பட்டால் உருகும், பிவிசி எரிகிற புகையும் நல்லதில்லை. மஞ்சள் கறைக்குப் பயப்பட வேண்டாம்: சவர்க்காரத்தால் துடைத்துவிட்டு அந்த இடத்தில் வெயில் படவிட்டால் மெல்ல வெளிறும். ரப்பர் அடிப்புறம் உள்ள கால்துடைப்பானை மேலே போடுவதுதான் உண்மையான ஆபத்து. ரப்பரிலிருந்து ஊறுகிற பொருள் பிவிசியில் மண்ணிறக் கறையாக இறங்கிவிடும், எதைப் போட்டுத் தேய்த்தும் போகாது. கதவுக்கு வெளியே தும்புக் கால்துடைப்பான் போடுங்கள். செம்மண்ணும் மணலும் உள்ளே வராதிருந்தாலே மேற்பூச்சின் ஆயுள் கூடும். மண்ணெண்ணெயால் துடைக்காதீர்கள். மொப்பை நன்றாகப் பிழிந்து துடைக்க வேண்டும். வாளியோடு ஊற்றிக் கழுவுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தச் சாமான் சரிவராது. மாரியில் மாதத்தில் ஒரு வெயில் நாள் பார்த்து ஓரங்களை மடித்து உலரவிடுங்கள். அப்போது கையை விட்டுத் தூக்காமல் தும்புத்தடியால் தூக்குங்கள், நட்டுவக்காலியும் பூரானும் இருக்கப் பிரியப்படுகிற இடம் அது.

மற்றத் தெரிவுகளைப் பற்றிச் சுருக்கமாக. ஓரடிச் சதுர ஸ்ரிக்கர் ரைல்ஸ் பார்க்க வடிவு, பத்தடிக்கு எட்டடிக் குசினிக்கு வெட்டுச் சேதத்தோடு 88 துண்டு வரும். ஆனால் புழுதி கிளம்புகிற சீமெந்தில் அது சீமெந்தைப் பிடிக்காது, புழுதியைத்தான் பிடிக்கும். ஈரத்தோடு மேலே வருகிற காரமும் பசையைக் கரைக்கும். ஏற்கெனவே ரைல்ஸ் பதித்த தரைக்கு மட்டும் யோசிக்கலாம், அதுவும் கழற்றும்போது பசை மிஞ்சும். ஒன்றோடொன்று கொழுவுகிற ஃபோம் பாய் நின்று சமைக்கிறவரின் முழங்காலுக்கு ஆறுதல், ஆனால் பொருத்துகளால் தண்ணி இறங்கும், அடுப்படியில் தீப்பிடிக்கும். தரைப் பெயின்ற் ஈரத் தரையில் தோலுரியும். வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும்.

கிளிநொச்சி, வவுனியா நகரங்களில் புதிதாகக் கட்டி வாடகைக்கு விடுகிற வீடுகளில் கோளாறு எதிர்ப்பக்கம்: இரண்டடிக்கு இரண்டடி பொலிஷ் ரைல்ஸ், எண்ணெய் பட்டால் வழுக்கும். அங்கே ரோல் கார்பெற்றை விரித்தால் கார்பெற்றே சறுக்கும். சிங்கடியிலும் அடுப்படியிலும் ஓட்டை விட்ட கனமான ரப்பர் பாய் இரண்டு போதும். வழுக்காமல் செய்கிற அமிலத் திரவங்களும் விற்கிறார்கள். அவை ரைல்ஸின் மேற்பரப்பை அரித்துத்தான் பிடிமானம் தருகின்றன, திரும்பப் பழைய பளபளப்பு வராது. வாடகைக்காரர் தொடக்கூடாத சாமான்.

விரிக்குமுன் வெறும் தரையைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி வையுங்கள். வெடிப்பும் பெயர்ந்த இடமும் உங்களுக்கு முன்பே இருந்தவை என்பதற்கு அதுதான் சாட்சி. குழி அடைக்க மேசன் கூலி போனால் அதை வாடகையில் கழிப்பதைப் பற்றியும் அப்போதே பேசி எழுதிக்கொள்வது நல்லது. வெளிக்கிடும்போது கார்பெற்றைத் தூக்கினால் கீழே தரை கறுத்திருக்கும், கதவு யன்னலைத் திறந்து சில நாள் விட்டால் பெரும்பாலும் நிறம் திரும்பும். ரேப் பசைக்குத் தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டுச் சுரண்டி, சவர்க்காரத்தால் கழுவுங்கள். கார்பெற்றை மடிக்கக் கூடாது. நாலு அங்குலக் குழாய் ஒன்றில், கோலம் வெளிப்பக்கம் வர உருட்டி, கயிற்றுக்குப் பதிலாகப் பழைய துணிப்பட்டியால் மூன்று இடத்தில் கட்டினால் அடுத்த வீட்டிலும் தட்டையாக விரியும்.