கூடு விட்டுக் கூடு பாயும் நிரல்: எந்த வழி கைகொடுக்கிறது?

குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடைக்கு எடைக்கணக்கு நிரல் ஒன்றை சி++ மொழியில் எழுதினேன். கம்பத்தில் என் மேசையில் பிசிறில்லாமல் ஓடியது. பென் டிரைவில் போட்டுக்கொண்டு, லோயர் கேம்ப் தாண்டி மலையேறி, கடைக் கணினியில் திறந்தால் ‘விசிரன்டைம்140.டிஎல்எல்’ என்ற கோப்பைக் காணவில்லை என்று ஒரு பெட்டி வந்து நின்றது. “தம்பி, கம்பத்தில் ஓடியது என்றாயே?” என்றார் முதலாளி. தராசில் ஒரு மூட்டை எட்டு எம்எம் காய் காத்திருந்தது.

எழுதியதைக் கணினி ஓட்டும் கோப்பாக மாற்றுவது கம்பைலர். அது தரும் கோப்பு தனி ஆள் அல்ல. கோப்பைத் திறக்க, நினைவகம் கேட்க, பிழையைச் சமாளிக்க என்று பாதி வேலையை அந்தக் கோப்பு, பல நிரல்கள் பகிரும் பொது லைப்ரரிகளின் தலையில் கட்டிவிடுகிறது. விண்டோஸில் அவை டிஎல்எல் கோப்புகளாக இருக்கும். நிரல் எழுத உதவும் விஷுவல் ஸ்டுடியோ நிறுவிய என் கணினியில் அவை ஏற்கெனவே இருந்ததால் குறை தெரியவில்லை. அவற்றை மலைமேல் சேர்க்கும் வழிகளில்தான் போட்டி.

மைக்ரோசாஃப்ட் தரும் விஷுவல் சி++ தொகுப்பைக் கடைக் கணினியிலும் நிறுவுவது முறையான வழி. 2015 முதல் 2022 வரையிலான விஷுவல் ஸ்டுடியோ பதிப்புகளுக்கு ஒரே தொகுப்பு போதும். ஆனால் நிறுவ அட்மின் கடவுச்சொல் வேண்டும். கணினியை அமைத்துக் கொடுத்தவரைப் பிடித்து அதை வாங்கவே ஒரு பகல் போயிற்று. நிறுவிய பிறகும் அதே பெட்டி! விண்டோஸ் 64 பிட் என்று பார்த்து 64 பிட் தொகுப்பைப் போட்டிருந்தேன். என் நிரலோ 32 பிட். நிரல் எத்தனை பிட்டோ அந்தத் தொகுப்புதான் வேண்டும். தெரிந்த விஷயம்தான், மூட்டை காத்திருக்கும்போது மறந்துவிடுகிறது.

வேண்டிய டிஎல்எல் கோப்புகளை நிரலின் பக்கத்திலேயே வைத்துக் கொடுப்பது அடுத்த வழி. விண்டோஸ் பெரும்பாலும் நிரல் இருக்கும் ஃபோல்டரில்தான் முதலில் தேடும் என்பதால் அட்மின் தயவு தேவையில்லை. சாளரம், பொத்தான் எல்லாம் தரும் க்யூட் லைப்ரரி கொண்டு எழுதிய நிரலுக்கு நான் இன்றும் இதைத்தான் செய்கிறேன். ‘விண்டிப்ளாய்க்யூட்’ என்ற கருவி வேண்டியதைப் பொறுக்கி வைத்துவிடும். எடைக்கணக்கு நிரலில் இது இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் முதலாளி நிரல் கோப்பை மட்டும் டெஸ்க்டாப்புக்கு நகர்த்திவிட்டு, “திரும்பவும் போய்விட்டது” என்று போன் செய்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. டிஎல்எல் கோப்பை ஏதோ ஓர் இணையதளத்திலிருந்து இறக்கிப் போடுவதை ஒரு வழியாகவே நான் எண்ணுவதில்லை. அதில் வைரஸ் இருந்தால் யார் பொறுப்பு?

கடைசியில் ஸ்டாட்டிக் லிங்க்தான் அங்கே நிலைத்தது. விஷுவல் சி++ கம்பைலர் அமைப்பில் எம்டி (/MT) என்று மாற்றினால், அந்த லைப்ரரிகளில் நிரல் தொடுகிற பகுதி அதற்குள்ளேயே சேர்ந்துவிடுகிறது. மின்ஜிடபிள்யூ என்ற இலவசக் கம்பைலர் வைத்திருப்பவர்களுக்கு லிங்க் செய்யும்போது ‘ஸ்டாட்டிக்’ என்ற ஒரு சொல். கோப்பு சில நூறு கிலோபைட் பெருத்தது, அவ்வளவுதான். டெஸ்க்டாப்பில் வைத்தாலும் ஓடும், விண்டோஸ் 7 கிடக்கும் பின்கட்டுக் கணினியிலும் ஓடும். விலை இல்லாமல் இல்லை: லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் நானே மறுபடி கம்பைல் செய்து மலையேற வேண்டும். க்யூட்டை இப்படிச் சேர்த்தால் அதன் இலவசப் பதிப்புக்கான எல்ஜிபிஎல் உரிமத்தின் நிபந்தனைகளும் கூடும். ஆனாலும் சிறிய நிரலுக்கு என் ஓட்டு இதற்கே.

லினக்ஸ் பக்கம் கதை வேறு. கேரள அரசுப் பள்ளிகளில் பள்ளிகளின் தொழில்நுட்பத்தைக் கவனிக்கும் கைட் என்ற அரசு நிறுவனம் தரும் உபுண்டு வழி லினக்ஸ்தான் ஓடுகிறது. மலைமேல் தோட்டப் பகுதியில் ஒரு தமிழ்வழிப் பள்ளிக்கு க்யூட்டில் ஒரு சொல் விளையாட்டு செய்தேன். கிராஃபிக்ஸ் டிரைவரை ஓடும்போதுதான் இழுத்துக்கொள்ள வேண்டும் என்பதால் முழு ஸ்டாட்டிக் அங்கே சரிப்படவில்லை. நிரலையும் லைப்ரரிகளையும் ஒரே கோப்பில் அடைக்கும் ஆப்இமேஜாகக் கட்டிக்கொண்டு போனேன். உபுண்டு 18.04 வழி வந்த பழைய கணினி, ‘ஜிலிப்சி 2.34 இல்லை’ என்றது. ஜிலிப்சி என்பது லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி. ஆப்இமேஜ் வழக்கமாக ஜிலிப்சியைச் சுமந்து வராது. நான் கட்டியது 22.04இல். பழைய ஜிலிப்சியில் கட்டியது புதியதில் ஓடும், தலைகீழாக ஓடாது. பக்கத்திலிருந்த 22.04 கணினியோ ‘லிப்ஃபியூஸ்2 இல்லை’ என்றது; ஆப்இமேஜ் தன்னைத் திறந்துகொள்ளக் கேட்கும் லைப்ரரி அது. சார்பே வேண்டாம் என்று கட்டிய பொட்டலத்துக்கே ஒரு சார்பு! ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

ஃபிளாட்பேக் என்ற இன்னொரு பொட்டல முறை இந்தத் தொல்லைகளைத் தீர்க்கும். ஆனால் அதன் ரன்டைம், அதாவது நிரல்கள் பகிரும் லைப்ரரித் தொகுப்பு, நூற்றுக்கணக்கான மெகாபைட். அந்தப் பள்ளியின் இணையத்தில் அதை இறக்க ஒரு பாடவேளை போதாது. கணினிக்குள் இன்னொரு லினக்ஸ் சூழலைத் தனிப் பெட்டியாக (கண்டெய்னர்) ஓட்டும் டாக்கரைப் பள்ளிக் கணினியில் நிறுவச் சொல்வது கொசுவுக்குப் பீரங்கி. என் கணினியில் அதற்கு நல்ல வேலை இருக்கிறது: 18.04 கண்டெய்னருக்குள் கம்பைல் செய்தால் நிரல் 2.27 ஜிலிப்சியோடு ஒத்துப்போகிறது. லிப்ஃபியூஸ்2 கேட்காத, ஆப்இமேஜுக்கே உரிய புதிய ரன்டைமை (அதைத் திறந்து ஓட்டும் சிறு பகுதி) வைத்து ஆப்இமேஜைத் திரும்பக் கட்டினேன்.

அடுத்த முறை போனபோது இரண்டு கணினியிலும் திறந்தது. ‘ழ’வில் முடியும் சொல் கேட்டதற்கு, நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் ‘மழ’ என்று தட்டினான். வகுப்பே கத்தியது. தவறு என்று நிரல் சொன்னதை அவன் ஒப்புக்கொள்ளவில்லை. மலையாளத்தில் சரிதானே என்கிறான்.