பீரங்கி சேர்க்க இரண்டு வழி: நூவானு, 1795

ஹவாயில் அன்று பீரங்கிப் பட்டறை கிடையாது. வெள்ளைக்காரக் கப்பலோடு வந்தால்தான் உண்டு. அதை இரு அரசர்கள் இரு விதமாகக் கையாண்டார்கள்.

கமேஹமேஹா: ஹவாய்த் தீவின் அரசர். 1790-இல் இவர் தரப்புத் தலைவர் ஒருவர் ஃபேர் அமெரிக்கன் கப்பலைப் பிடித்தபோது, பிழைத்தவர் ஐசக் டேவிஸ் மட்டுமே. அவரையும், வேறொரு கப்பலின் ஜான் யங்கையும் அரசர் ஊர் திரும்ப விடவில்லை. ஆனால் நிலமும் பதவியும் கொடுத்தார். பீரங்கி மட்டும் போதாது, சுடத் தெரிந்த ஆளும் வேண்டுமல்லவா?

கலனிகுபுலே: பக்கத்துத் தீவான ஓவாஹுவின் அரசர். 1795 ஜனவரியில் ஜாக்கல், பிரின்ஸ் லீ பூ கப்பல்களைப் பிடித்து, கேப்டன்களைக் கொன்றார். பிறகு ஆயுதங்களை ஏற்றி, கமேஹமேஹாவைத் தாக்கப் புறப்பட்டார். கப்பலை ஓட்டியது யார்? கேப்டனைப் பறிகொடுத்த அதே மாலுமிகள்! அவர்கள் கப்பல்களை மீட்டு, அரசரைக் கரையில் இறக்கிவிட்டு, ஆயுதங்களை ஹவாய்த் தீவில் கமேஹமேஹா தரப்பிடமே சேர்த்துவிட்டார்கள். எதிரிக்கு வீட்டு வாசலிலேயே டெலிவரி.

சில மாதங்களில் கமேஹமேஹா படை ஓவாஹுவில் இறங்கியது. கலனிகுபுலே படைக்கு அங்குள்ள நூவானுப் பள்ளத்தாக்கில் பின்வாங்கப் பின்வாங்க ஏற்றம்தான். முடிவில் பாலி என்ற மலைவிளிம்பு, ஏறத்தாழ 1,000 அடிச் செங்குத்து. நூற்றுக்கணக்கானோர் அங்கே மாண்டனர். கமேஹமேஹாவை விட்டுக் கட்சி மாறிய தலைவர் கையானாவும் இந்தப் போரில்தான் இறந்தார். நேரம் பார்த்துத் தாவியிருக்கிறார்! கலனிகுபுலே மலைக்குள் தப்பியோடி, பின்னர் பிடிபட்டுப் பலியிடப்பட்டார்.