சாக்கரா, புட்பாலா?

டர்பன் அருகே சாட்ஸ்வொர்த்தில் எங்கள் மாமா கால்பந்தாட்டத்தைச் 'சாக்கர்' என்பார். சென்னையிலிருந்து வேலைக்கு வந்த எதிர்வீட்டுத் தம்பிக்கு அது 'புட்பால்'. கையில் டீ ஆறிப்போகும், வாக்குவாதம் ஆறாது.

தம்பி சொல்வது எளிது: காலால் உதைக்கிற பந்து, வேறென்ன பெயர்? சரி, ஆனால் 1863இல் லண்டனில் புட்பால் அசோசியேஷன் தொடங்கிய காலத்தில் ரக்பிக்காரர்களும் தங்கள் ஆட்டத்தைப் புட்பால் என்றுதான் சொன்னார்கள். பிரித்துச் சொல்ல ஒரு பெயர் வேண்டியிருந்தது. 'அசோசியேஷன்' என்ற சொல்லின் நடுத்துண்டைப் பிய்த்து, வால் ஒட்டி, 'சாக்கர்' ஆக்கினார்கள் இங்கிலாந்து மாணவர்கள். அமெரிக்கச் சொல் என்று மாமாவைக் கேலி செய்வது வீண்; சரக்கு அசல் இங்கிலாந்து.

ரக்பி கொடிகட்டிப் பறக்கும் தென்னாப்பிரிக்காவில் தனிப்பெயர் வசதிதான், என் ஓட்டு மாமாவுக்கு. இருந்தாலும் இங்கே தேசியச் சங்கத்தின் பெயரில் புட்பால், லீக் பெயரில் சாக்கர்! 2010 உலகக் கோப்பை இறுதியாட்டம் நடந்த ஜோகன்னஸ்பர்க் மைதானம் 'சாக்கர் சிட்டி'. இங்கே பேசும் ஆப்பிரிக்கான்ஸ் மொழியிலும் சாக்கர்தான், கொஞ்சம் உச்சரிப்பு மாறும். ஜூலு நண்பர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. 'இபோலா' என்பார்கள், அதாவது பந்து.